மதகுப் பல்லி வாலை விட்ட ஆட்டம்

அந்தக் காலத்தில் பல்லிக்கு வால் ஒட்டினது ஒட்டினதுதான். பிடித்து இழுத்தாலும் வராது. எல்லாப் பிராணிகளுக்கும் பேச்சு இருந்தது. பேசி அலுத்த நேரத்தில் அவை சடுகுடு ஆடின.

பங்குனியில் ஏரி வற்றியதும் நடு ஏரியில் கோடு கிழிப்பார்கள். அதற்கு முன்பே வெள்ளையப்பன் என்ற பல்லி மதகுச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்வான். அவனுக்குத் தவிட்டுக்குருவிகளின் அணி என்றால் உயிர். ஒரு காலத்தில் கீரிகளையே மண்ணைக் கவ்வ வைத்த அணி அது. பழைய ஆட்டக்காரிகள் வயதாகி ஒதுங்கியதும், தலைவி தவுட்டாயி சரியாக இறகுகூட முளைக்காத ஆறு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"பொறுங்க மாமா, புதுசா அணி கட்டிக்கிட்டிருக்கோம். அடுத்த வருஷம் பாருங்க!"

அடுத்த வருஷம் பார்த்தான். தோல்வி. "பொறுங்க மாமா..." அதற்கடுத்த வருஷமும் அதே தோல்வி, அதே கீச்சுக்குரல், அதே "பொறுங்க மாமா".

ஒன்பது வருஷம் போனது. கூடக் கத்திய காக்கைகளெல்லாம் கீரிகள் பக்கம் தாவிவிட்டன. "தூக்கணாங்குருவியா இருந்தா இந்நேரம் ஒரு ஊரையே கட்டியிருக்கும்! இவங்க ஒரு அணி கட்ட இத்தனை வருஷமா?" என்று வெள்ளையப்பன் பொருமுவான். ஆனால் சுவரை விட்டு நகர மாட்டான். பார்த்துப் பார்த்து, குஞ்சுகள் தப்புப் பண்ணப்போவது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். கண் இமைக்கும் நேரம் முன்னாலேயே வாயிலிருந்து "ச்சு" வந்துவிடும்.

ஒன்பதாம் வருஷம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். நடுவர் தவளை தொண்டையை உப்பிக்கொண்டு அறிவித்தது: "கர்ர்ர்! எல்லாரும் கேட்டுக்கங்க! பத்து வருஷம் விடாமத் தோத்த அணிக்கு இந்த ஏரியில இடமில்ல. அடுத்த வருஷமும் தோத்தா தவிட்டுக்குருவி பேரை அழிச்சிருவோம். கர்ர்ர்!"

வீட்டுக்குப் போனால் மனைவி காத்தாயி பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்களாலதாங்க. நீங்க உச்சுக்கொட்டினதும் அந்தக் கடைக்குட்டி நல்லாயி காதைத் தீட்டிக்கிட்டு நின்னுச்சு. நான்தான் பார்த்தேனே! உங்க ச்சுதான் அதுங்களுக்குத் தரித்திரம்."

வெள்ளையப்பனுக்குச் சுருக்கென்றது. பத்தாம் வருஷம் ஆட்டம் தொடங்கியதும் தன் வாலையே வளைத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டான். ஒரு சத்தம் வரக் கூடாது.

அவன் வாயை மூடினான். அங்கே குருவிகள் தடுமாறின. சடுகுடு பாடிப் போனவள் எல்லாம் பிடிபட்டாள். தவுட்டாயி அடிக்கொரு தரம் மதகைத் திரும்பிப் பார்த்தாள். காத்தாயியோ, "அப்படியே இருங்க, விட்றாதீங்க" என்று தைரியம் சொன்னாள்.

முட்டி மோதிக் கடைசியில் புள்ளிகள் சமமாயின. கடைசிப் பாட்டுக்கு நல்லாயி போனாள். "சடுகுடு சடுகுடு சடுகுடு..." ஒரு கீரியைத் தொட்டேவிட்டாள்! இனித் திரும்பி வந்து நடுக்கோட்டை மிதித்தால் போதும். அப்போதுதான் வெள்ளையப்பன் கவனித்தான். கீரித் தலைவன் வயிறு தரையில் உரச, அவளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தான். போன வருஷம் அவன் இப்படித்தான் ஒரு குருவியின் காலை முறுக்கினான். அவள் இன்னமும் நொண்டுகிறாள்.

கத்தினால் தரித்திரம், அணியின் பேரே போய்விடும். கத்தாவிட்டால் பிள்ளையின் கால் போய்விடும்.

"அணி போனாப் போகட்டும்!" என்று வாயைத் திறக்கப் பார்த்தான். பல் வாலில் இறங்கி மாட்டியிருந்தது. தலையை ஒரே உதறாக உதறினான். வால் அறுந்து கீழே விழுந்தது.

"ச்சு! ச்சு! ச்சு!"

நல்லாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலை மட்டும் வெடுக்கென்று தூக்கினாள். கீரியின் வாய் மண்ணைக் கவ்வியது. "சடுகுடு சடுகுடு" என்று ஒரே தாவில் வந்து நடுக்கோட்டை மிதித்தாள்.

ஏரியே அதிர்ந்தது. ஏழு பேரும் மதகடிக்கு ஓடி வந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். தவுட்டாயிதான் அவர்களை அதட்டி அடக்கினாள்.

"உங்க சத்தம் எங்க மாமா போயிருந்துச்சு இவ்வளவு நேரம்? உங்க ச்சு கேட்டாத்தானே பின்னால ஆபத்துன்னு எங்களுக்குத் தெரியும்? ஒன்பது வருஷமா அதைக் கேட்டுத்தானே இந்தப் புள்ளைங்க ஆட்டமே கத்துக்கிச்சு!"

வெள்ளையப்பன் காத்தாயியைப் பார்த்தான். அவள் சுவரில் இல்லாத பூச்சியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் திட்டுறேன்னுதான் நீங்க நினைச்சிருப்பீங்கன்னு இருந்தேன்," என்றான் அவன்.

"திட்டத்தான் செஞ்சீங்க. ஆனா வேற யாரு மாமா வந்து திட்டினா?" என்ற தவுட்டாயி குனிந்து, அலகால் தரையை மூன்று முறை தட்டினாள். மற்ற ஆறு பேரும் தட்டினார்கள்.

அப்போதுதான் நல்லாயி கீழே பார்த்து அலறினாள். "ஐயோ மாமா, உங்க வாலு!"

அறுந்த வால் தன்பாட்டுக்குத் துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

"அதுக்கும் சந்தோஷம் இருக்காதா? ஆடட்டும் விடு," என்றான் வெள்ளையப்பன். "முளைக்கும். பத்து வருஷம் உங்களுக்குக் காத்துக் கிடந்தவன், ஒரு வாலுக்குக் காத்திருக்க மாட்டேனா?"

அன்று முதல்தான் பல்லி ஆபத்தென்றால் வாலை விட்டுவிட்டு, புது வால் வளரும்வரை பொறுமையாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது "ச்சு" என்றால் நம்மவர்களும் பேச்சைச் சட்டென நிறுத்தி, விரலால் தரையைத் தட்டுகிறார்கள்.