வாய் திறக்காத பறவை

மனிதர் பேசுவது விலங்குகளுக்கும், விலங்குகள் பேசுவது மனிதருக்கும் புரிந்த காலம் அது. மலையடிவாரத்தில் ஒரு குளம். அதன் கரையில், நீண்ட மஞ்சள் கால்களும் கண்ணோரம் சிவந்த மடலும் கொண்ட ஒரு பறவை இருந்தது. அதற்கு அப்போது பெயர் கிடையாது. சத்தமே போடாத பறவை. வெறுந்தரையில் முட்டையிட்டு, பக்கத்தில் சும்மா நிற்கும்.

ஒரு கோடையில் வேடி என்பவனும் அவன் மனைவி செம்பாயியும் தண்ணீர் தேடி அங்கே வந்தார்கள். செம்பாயி நிறைமாதக் கர்ப்பிணி.

"ஒரு குடிசை போட இடம் கொடுத்தால் போதும்" என்றான் வேடி.

கடமானும் முயலும் தயங்கின. பறவைதான், "பிள்ளைத்தாய்ச்சியை எங்கே போகச் சொல்வது? என் மேட்டில் இருக்கட்டும்" என்றது.

குழந்தைகள் பிறந்தன. அவர்களுக்குக் குழந்தைகள் பிறந்தன. ஒரு குடிசை தெருவானது, தெரு ஊரானது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இடம் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் பசித்த பிள்ளை ஒன்று இருந்தது. அதனால் யாராலும் மறுக்க முடியவில்லை. கோரைக்காடு வயலானது. குளம் பாதியானது. விலங்குகள் எல்லாம் எஞ்சியிருந்த புதர்க்காட்டில் நெருக்கியடித்து வாழ்ந்தன.

ஒருநாள் செம்பாயி பறவையைத் தேடி வந்தாள். அவளுக்குத் தலை நரைத்திருந்தது.

"விடிந்ததும் ஊரார் புதர்க்காட்டைக் கொளுத்தி வயலாக்கப் போகிறார்கள். என் பேச்சை யாரும் கேட்கவில்லை. போன வருட விளைச்சல் பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை."

"அங்கே குட்டிகள் இருக்கின்றனவே!" என்றது பறவை.

"தெரியும். ஆனால் நீ சொல்லிவிட்டால் யானைகள் கோபத்தில் இன்றே ஊருக்குள் புகுந்துவிடும். தொட்டிலில் பிள்ளைகள் கிடக்கின்றன. உன் முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. நான் பார்த்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்லாதே, தாயே."

பறவை தன் முட்டைகளைப் பார்த்தது. தொட்டில்களையும் நினைத்துப் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் காடு எரிந்தது. ஓட முடிந்தவை மலைக்கு ஓடின. வளைக்குள் இருந்தவை வளையிலேயே வெந்தன. செம்பாயி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். முட்டைகளைச் சுற்றிக் கிடந்த சருகையெல்லாம் கூட்டித் தள்ளியிருந்தாள். கரிந்த நிலத்தின் நடுவே நான்கு முட்டைகளும் அப்படியே இருந்தன.

சாயங்காலம் தாய்முயல் தன் வளையைத் தேடி வந்தது. சாம்பலைக் காலால் கிளறிப் பார்த்தது. பிறகு பறவையின் பக்கம் திரும்பியது.

"உன் முட்டைகள் மட்டும் எப்படித் தப்பின?"

பறவையால் பொய் சொல்ல முடியவில்லை. "எனக்கு முன்னமே தெரியும்" என்றது.

முயல் திட்டவில்லை. அழவும் இல்லை. மலையை நோக்கிப் போய்விட்டது. அதன்பின் எந்த விலங்கும் பறவையோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று அதற்குத் தோன்றியது.

சில நாள் கழித்து, செம்பாயி கையில் கொஞ்சம் கம்புத் தானியம் எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் வந்தாள். அவள் தூரத்தில் வரும்போதே பறவை விருட்டென்று எழும்பியது. அதுவரை யாரும் கேட்டிராத குரலில் வீறிட்டுக் கத்தியது.

"நான்தான்! செம்பாயி!" என்று அவள் கூப்பிட்டாள்.

அவள்தான் என்று பறவைக்குத் தெரியும். இருந்தும் அவள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. மலைச்சரிவில் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மேலே ஏறிப்போயின. செம்பாயி கம்பைத் தரையில் கொட்டிவிட்டு வந்த வழியே திரும்பினாள். பறவை அதைத் தொடவில்லை.

அந்த நாளில் தொடங்கியதுதான் அந்தக் கத்தல். இன்றும் பகலோ இரவோ, வருபவர் நல்லவரோ கெட்டவரோ, மனிதக் காலடி பட்டதும் அது வானில் எழும்பிக் காடு முழுக்கக் கேட்கும்படி கூவுகிறது. அதனால்தான் நாம் அதை ஆட்காட்டி என்று அழைக்கிறோம்.