ராஜாவுக்கே இடமில்லாத பாட்டை

முன்னொரு காலத்தில், தன் பெயரில் ஒரு ராஜபாட்டை வேண்டும் என்று ஆசைப்பட்ட ராஜா ஒருவர் இருந்தார். அரண்மனை வாசலிலிருந்து காட்டோரத்து வேட்டை மாளிகை வரைக்கும் மேடு கட்டி, வழுவழுவென்று கருங்கல் பாவி, பாட்டையும் போட்டாயிற்று. ஆனால் அதில் ஈ காக்கைகூடப் போகவில்லை. வேட்டை மாளிகையில் குடியானவனுக்கு என்ன வேலை? சனங்கள் பக்கத்து மண்பாதையிலேயே சந்தைக்குப் போய் வந்தார்கள். ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று.

அரசவை விகடகவி அம்பலவாணன் மேல் மந்திரி வீரசேனருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். அவர் சமயம் பார்த்து எழுந்தார்.

"மகாராஜா! குடிகளைச் சிரிக்க வைப்பவருக்கு நடக்க வைக்கவா தெரியாது? அம்பலவாணரிடமே ஒப்படையுங்கள். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கூலியும் கொடுக்கக் கூடாது."

"நல்ல யோசனை! அம்பலவாணரே, தை முடிவதற்குள் என் பாட்டை குடிகளின் காலடியால் நிறைய வேண்டும். தவறினால் அதே பாட்டையில் நாட்டை விட்டே நடையைக் கட்ட வேண்டியதுதான்" என்றார் ராஜா.

"உத்தரவு, மகாராஜா" என்று அம்பலவாணன் வாய் சொன்னதே தவிர, வழி ஒன்றும் புலப்படவில்லை.

அந்தத் தையில் பருவம் தப்பிய மழை விட்டுவிட்டுப் பெய்தது. தை முடிய இரண்டு நாள் இருக்கையில் பாட்டையில் தன்னந்தனியாக நடந்த அம்பலவாணன், வயலோரம் கதிர்க்கட்டுகளுக்கு நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த குடியானவனைக் கண்டான்.

"என்னய்யா, அறுவடை நேரத்துல உக்காந்துட்டே?"

"களமெல்லாம் சேறுங்க சாமி. எங்க போட்டு அடிக்கிறது? இன்னும் ரெண்டு நாள் போனா நெல்லு முளைச்சிடும்."

அம்பலவாணன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். மேட்டில் பாவிய கல், வெயில் பட்டதும் காய்ந்திருந்தது.

"இதுல போட்டு அடி."

"ஐயோ, ராஜபாட்டைங்க! தலை போயிடும்."

"போனா என் தலை போகட்டும். நீ போய் ஊரையே கூட்டிட்டு வா!"

தை முடியும் நாளில் ராஜா தேரேறி வந்தார். வாசலைத் தாண்டியதும் தேர் நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல். ஆண்கள் கதிரடித்தார்கள், பெண்கள் தூற்றினார்கள், மாடுகள் போர் மிதித்தன, பிள்ளைகள் வைக்கோலில் குட்டிக்கரணம் போட்டன.

"ராஜபாட்டையில் மாடு சாணி போடுகிறது! நடக்க வைக்கச் சொன்னால் களமாக்கிவிட்டான்!" என்று மந்திரி அலறினார்.

அம்பலவாணன் தலைநிமிர்ந்து நின்றான். "காலடியால் நிறைய வேண்டும் என்பதுதான் உத்தரவு. அந்தக் கால்கள் எங்கே போக வேண்டும் என்று மகாராஜா சொல்லவில்லையே! நாட்டுக் களமெல்லாம் சேறானபோது, மகாராஜா போட்ட கல்தான் சோற்றைக் காத்தது."

"ஆமாங்க மகாராசா! உங்க கல்லு இல்லேன்னா இந்த வருசம் பட்டினிதான்" என்று குடியானவன் கைகூப்பினான்.

ராஜாவின் கை தானாக மீசைக்குப் போயிற்று. "அது சரி, நான் எப்படிப் போவது? என் பாட்டையில் எனக்கே இடமில்லையே!"

"மண்பாதை இருக்கிறது, மகாராஜா. குடிகள் எல்லாரும் போகிற வழிதான். துணைக்கு நானும் வருகிறேன்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். தேரை விட்டு இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய நடந்தார். மந்திரியும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம் ராஜா, "என் பாட்டையில் இடமே இல்லையப்பா!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார்.