கோழிக்குத் துத்தநாகம் தேடிய கதை

நாமக்கல் பக்கம் மொட்டப்பாறை என்று ஓர் ஊர். அங்கே மாரப்பன், அவன் பெண்டாட்டி பாவாயி, அவள் தம்பி செங்கோடன் மூவரும் சேர்ந்து கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் மூளை உண்டு. யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

கோழி ஏற்ற லாரி வரும் நாள் நெருங்கியபோது, பாதிக் கோழிகள் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டன. “இந்தத் தடவையும் போச்சுன்னா கம்பெனிக்காரங்க இனிமேல் வளக்கறதுக்குக் குஞ்சே எறக்க மாட்டாங்க” என்று பாவாயி அழுதாள். மாரப்பன் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான்.

“தீனியில இரும்பு, செம்பு, துத்தநாகம், மாங்கனீஸ் பத்தல. நாலையும் துளித்துளி கலந்து குடுங்க, எந்திரிச்சிரும். அது எங்க கெடைக்கும்னா…”

“நாங்க பாத்துக்கறமுங்க” என்று மாரப்பன் போனை வைத்துவிட்டான்.

இரும்பு சுலபமாக முடிந்தது. கடப்பாரையை எடுத்து மூட்டைத் தீனி முழுவதையும் கலக்கினார்கள். செம்பு அதைவிடச் சுலபம். பாவாயி தண்ணீர் மொள்ளும் செம்பைக் கொண்டுவந்து தீனிக்கு நடுவில் வைத்தாள். ஒரு சேவல் உள்ளே தலையை விட்டு மாட்டிக்கொண்டது. “பாத்தீங்களா, எவ்வளவு ஆசையாத் திங்குது!” என்றாள்.

“மாங்கனி தோட்டத்துல இருக்குது மாமா. அந்த ‘ஸ்’தான் என்னன்னு புரியல” என்றான் செங்கோடன்.

மாரப்பன் வெகுநேரம் யோசித்தான். “சோடா பாட்டிலத் தொறந்தா வருமே மாப்ள, அதுதான்.”

மாம்பழத்தைப் பிசைந்து, அதன்மேல் சோடா பாட்டிலைத் திறந்தார்கள். ‘ஸ்’ வெளியே போய்விடாதபடி பாவாயி முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

துத்தநாகம்தான் மிச்சம்.

“நல்ல பாம்பு தெரியும். இது என்ன சாதி நாகமோ?” என்றான் மாரப்பன்.

“துளிதானே கேட்டாங்க. வாலு நுனி போதுமுங்க” என்றாள் பாவாயி.

“வால மட்டும் எப்படிக்கா கேக்கறது? பாம்பு தப்பா நெனைக்காதா?”

முட்டையும் பாலும் எடுத்துக்கொண்டு மூவரும் புற்றுக்குப் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பாம்பு வெளியே வந்து படமெடுத்தது. மாரப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டான்: “ஏனுங்க, நீங்க துத்தநாகமுங்களா?”

பாம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டியது.

“இல்லையாமா” என்று மூவரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரம்மா நேரிலேயே வந்தார். சேவலின் தலையிலிருந்து செம்பைக் கழற்றினார். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். “நீங்க தேடுன நாலும் இந்தப் பொடியில இருக்கு. மூட்டைக்குக் கொஞ்சூண்டுதான் போடணும். போட்டது கண்ணுக்கே தெரியக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் மூவரும் கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பொடி பூராவும் செங்கோடன் தலையில் இருந்தது.

“உங்க கண்ணக் கட்டச் சொன்னது யாருய்யா?” என்று கத்தினார் டாக்டரம்மா. வேறொரு பொட்டலத்தைப் பிரித்துத் தாமே தீனியில் கலந்து கொடுத்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

மூவரும் யோசித்தார்கள்.

“நம்ம கண்ண இல்லையாமா” என்றான் மாரப்பன்.

“அப்ப யாரு கண்ணுங்க?” என்றாள் பாவாயி.

செங்கோடன் மெல்லத் திரும்பிக் கோழிகளைப் பார்த்தான்.

சில நாளில் கோழிகள் எழுந்து நடந்தன. டாக்டரம்மாவுக்குப் போன் வந்தது.

“நல்லா இருப்பீங்க தாயி, எல்லாக் கோழியும் எந்திரிச்சிருச்சுங்க” என்றான் மாரப்பன். “கட்டறதுக்குப் பாவாயியோட சேலை அத்தனையும் தீந்துபோச்சு, அது பரவாயில்லீங்க. தீனித் தட்டு முன்னாலயே நின்னுக்கிட்டு, தட்டு எங்கன்னு தேடுதுங்க. அதுக்கு எந்தச் சத்துங்க பத்தல?”