பதினோரு நாள் மெருகு

தூத்துக்குடியில் படகு எஞ்சின் வேலைக்கு செலின் மேஸ்திரிதான் குரு. வயது முப்பத்திரண்டு. சீடர் ரொமால்டுக்கு ஐம்பது. வயதைப் பார்த்தால் தொழில் படிக்க முடியாது என்று தானே சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர். அதற்கு முன்னால் முப்பது வருடம் மாதா கோயில் வெண்கலச் சாமான்களுக்கு மெருகு போட்டவர்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள் இருந்தது. முடிந்ததும் ரொமால்டின் தம்பி கஸ்பார் ஆழ்கடலுக்குப் போகிறான். தன் எஞ்சின் சிலிண்டரை அண்ணன்தான் சரிசெய்ய வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

ரொமால்டு அதற்குள் பதினோரு நாள் அதன் உள்சுவரைத் தேய்த்து முடித்திருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு மெருகை அந்தப் பட்டறை பார்த்ததில்லை. பார்க்க வந்த இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

மேஸ்திரி உள்ளே விரல் விட்டுத் தடவினார். இதில் கீறல் போட வேண்டும் என்றார்.

ரொமால்டுக்குச் சுருக்கென்றது. இதற்குள்ளே பிஸ்டன் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும், கரடு இருந்தால்தானே உரசித் தேயும், வழவழப்பாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடாதா என்று கேட்டார். பொறாமையா என்றும் கேட்டார்.

மேஸ்திரி அளவு பார்க்கிற பெட்டியைத் திறந்து இரண்டு எஃகுக் கட்டைகளை எடுத்தார். தீப்பெட்டியைவிடச் சின்னவை. துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, லேசாக அழுத்தித் திருகினார். பசை கிடையாது, காந்தம் கிடையாது.

"இதைவிட வழவழப்பு இந்தப் பட்டறையில இல்ல. இழுத்துப் பிரிச்சுக் காட்டும், பார்ப்போம்."

ரொமால்டு இழுத்தார். வரவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். கழுத்து நரம்புதான் புடைத்தது. மேல் கட்டையை மட்டும் பிடித்துத் தூக்கினார். கீழ்க்கட்டையும் கூடவே வந்து அந்தரத்தில் தொங்கியது.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எது மேஸ்திரி பிடிச்சிருக்கு?"

"நடுவுல எதுக்கும் இடமில்ல. அதான்."

பிறகு மேஸ்திரி, ரொமால்டு மெருகு போட்ட சிலிண்டர் சுவரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். அது நிற்காமல் ஓடி அடியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த பழைய சிலிண்டரில் வலைக்கண் மாதிரி குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள். அங்கே ஒரு சொட்டு. அது கோட்டுக்குக் கோடு புகுந்து, பரவி, அப்படியே நின்றுவிட்டது.

ரொமால்டு குனிந்து இரண்டு சுவரையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் நிற்காத எஞ்சின் அந்தக் கட்டைகள் மாதிரி நடுக்கடலில் இறுகிப்போனால் கஸ்பார் கதி என்ன என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கீறுகிற கல்லை டிரில்லில் மாட்டி அவர் கையிலேயே கொடுத்தார் மேஸ்திரி. நீங்களே போட்டுவிடுங்கள், என்னால் ஆகாது என்று கெஞ்சினார் ரொமால்டு. மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டார்.

ரொமால்டு மேலும் கீழுமாக ஓட்டினார். பதினோரு நாள் மங்க ஆரம்பித்தது. சீக்கிரமே நிறுத்தித் துணியால் துடைத்தார்.

"போதுமா மேஸ்திரி?"

மேஸ்திரி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஓட்டும். உம்ம முகம் தெரியுது."