முப்பந்தல் எதிர்காற்று

முப்பந்தலில் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் தவசிமுத்து வேலை பார்த்தார். கோபுரத்துக்குள் இருக்கும் இரும்பு ஏணியில் உச்சிவரை ஏறி, அங்குள்ள இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, போல்ட்டுகளை முறுக்கிவிட்டு இறங்குவார். ஏறுகிறவர்கள் எல்லோரும் உடம்பில் பாதுகாப்பு பெல்ட் மாட்டிக்கொள்ள வேண்டும். கால் வழுக்கினால் பிடித்து நிறுத்துவது அதுதான். அது இத்தனை கிலோவரைதான் தாங்கும் என்று ஒரு அளவு உண்டு. அந்த வருடம் வைகாசியில் எடை பார்த்தபோது தவசிமுத்து அந்த அளவைத் தாண்டிவிட்டார்.

பாதுகாப்பு அதிகாரி நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். காற்றுக் காலத்தில் மேலே பெரிய வேலை எதுவும் இல்லை, அது முடியும்வரை ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுங்கள். புரட்டாசியில் காற்று அடங்கியதும் மறுபடி எடை பார்ப்போம். அப்போதும் இப்படியே இருந்தால் ஸ்டோர்தான், நிரந்தரமாக.

உச்சியில் மூடியைத் திறந்து தலையை நீட்டினால் ஒரு பக்கம் மலை தெரியும், மறுபக்கம் தூரத்தில் கடல் தெரியும். அதை இனி பார்க்க முடியாது என்று நினைத்தபோது தவசிமுத்துவுக்கு அழுகை வந்தது. ஸ்டோரில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழவும் செய்தார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெனிஷாவைத் தேடிப் போனார்.

ஜெனிஷா அவரைவிட இருபது வயது இளையவள். அவளுக்கு ஏணி ஏறக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பிள்ளை பெற்றுத் திரும்பிய வருடம் அவளையும் இதே பெல்ட் கீழே நிறுத்தியது. ஆரல்வாய்மொழியிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வந்து வந்தே உடம்பைக் குறைத்து மறுபடி ஏறியவள் அவள். தவசிமுத்து குருதட்சிணையாக ஒரு பொட்டலம் ரசவடை வாங்கிப் போயிருந்தார். அவள் அதை வாங்கி, அவர் கண் முன்னாலேயே மற்றவர்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டாள்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"வேலைக்குச் சைக்கிள்ல வாங்க அண்ணாச்சி."

"வேற?"

"வந்த பெறகு கேளுங்க."

அவர் வீடு காவல்கிணற்றில், முப்பந்தலுக்குக் கிழக்கே. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாகப் பாய்ந்து வரும். இத்தனை காற்றாடிகளை அங்கே கொண்டுவந்து நட்டதே அதற்காகத்தான். காலையில் வேலைக்குக் கிளம்பினால் அத்தனை காற்றும் நெஞ்சுக்கு நேரே.

முதல் நாள் மிதித்தார். சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணில் மண் விழுந்தது. லாரி ஒன்று கடந்தபோது ஓரத்து முள்ளுக்குள் போய் இறங்கினார். பாதி வழி தள்ளிக்கொண்டே நடந்து, கம்பெனி வேன் வந்து வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார். சைக்கிளில் அவர் வந்தாரா, அவர் மேல் சைக்கிள் வந்ததா என்று கூட வேலை பார்க்கும் பையன்கள் கேட்டார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

ஜெனிஷாவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"பாதி தூரம் எறங்கித் தள்ளிட்டுதான் வந்தேன். இதெல்லாம் சேத்தியா?"

"சைக்கிள் வந்துட்டா?"

"வந்துட்டு."

"நீங்க?"

"நானும் வந்துட்டேன்."

"அப்ப உள்ள போயி தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஒரு வாரம் அப்படித்தான் போயிற்று. பிறகு தவசிமுத்துவின் மூளை வேலை செய்தது. கம்பெனி வேன் காலையில் அவர் வீட்டு வழியாகத்தான் வருகிறது. சைக்கிளை அதன் தலைமேல் ஏற்றிவிட்டால் போயிற்று. சாயங்காலம் காற்று முதுகில் இருக்கும், அப்போது ஓட்டிக்கொண்டு போகலாம். சைக்கிள் ஓட்டியதும் ஆயிற்று, சட்டை கசங்காமல் வேலைக்கு வந்ததும் ஆயிற்று.

சாயங்காலங்கள் அருமையாக இருந்தன. பெடலில் காலைச் சும்மா வைத்திருந்தால் போதும். சட்டை பின்னாலிருந்து உப்பிக்கொள்ள, பாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். காவல்கிணறு சந்திப்பில் இறங்கும்போது, இவ்வளவு ஓட்டினோமே என்று ஒரு பெருமை வரும். அந்தப் பெருமைக்கு இரண்டு ரசவடை.

ஆடி பிறந்தும் ஸ்டோர் தராசில் முள் அசையவில்லை. ஒருநாள் அது கொஞ்சம் மேலேயே போய் நின்றது. தவசிமுத்துவுக்குக் கோபமான கோபம். நேரே ஜெனிஷாவிடம் வந்தார்.

"நீ சொன்னபடி சைக்கிள்தான் ஓட்டுதேன். அதே ரோடு. காலையில வண்டியில வந்தா என்ன, சாயங்காலம் ஓட்டுதேம்லா? ஒனக்குக் கொறஞ்சது எனக்கு ஏன் கொறைய மாட்டேங்கு?"

அவள் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க" என்றாள்.

அன்று சோதனைக்கு விட்டிருந்த ஒரு காற்றாடியின் அடிக்கு அழைத்துப் போனாள். காற்றாடியின் தலை, காற்று வரும் திசையைப் பார்த்தபடி தானாகவே திரும்பிக்கொள்ளும். சோதனைக்காகக் கையால் திருப்பவும் அடியில் ஒரு பொத்தான் உண்டு. ஜெனிஷா உள்ளே போய் அதை அழுத்தினாள். தலை மெல்ல மெல்லத் திரும்பி, காற்றுக்கு விலாவைக் காட்டி நின்றது. இறக்கைகள் சோர்ந்து சோர்ந்து சுற்றி, கடைசியில் நின்றேவிட்டன.

அவள் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"காத்து அடிக்கா அண்ணாச்சி?"

"கண்ணத் தொறக்க முடியல."

"மெஷின்ல ஏதும் பழுதா?"

"பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப ஏன் கரண்டு வரல?"

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் அவளிடம் கேட்ட கேள்விதான் அது. தவசிமுத்து அண்ணாந்து பார்த்தார்.

"காத்த விட்டு ஒதுங்கி நிக்கு" என்றார்.

மற்ற காற்றாடிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன.

"சரி பிள்ள. திருப்பி விடு."

"நீங்களே திருப்புங்க."

அவர் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். தலை வந்த வழியே மெதுவாகத் திரும்பியது. மேலே இறக்கை அசைந்து சுற்றத் தொடங்கும் சத்தம் கோபுரத்துக்குள் கேட்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வேன் அவர் வீட்டு முன்னால் வந்து ஹாரன் அடித்தது. தவசிமுத்து அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார். பாதி வழியில் வேன் அவரைப் பிடித்தபோது, இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஏறிக்கொள்ளும்படி கையைக் காட்டினார். தவசிமுத்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆடி முழுக்க அப்படியே வந்தார். மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார், முடிகிற இடம் வந்ததும் ஏறிக்கொண்டார். தள்ளும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சாயங்காலம் சந்திப்பில் ரசவடைக்காரர் கூப்பிட்டால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நிற்காமல் போனார். அது காற்றைவிடக் கஷ்டமாக இருந்தது என்று வீட்டில் சொன்னாராம். ஆவணியில் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது. பையன்கள் கேலியை விட்டுவிட்டு, நாமும் சைக்கிள் எடுத்தால் என்ன என்று பேச ஆரம்பித்தார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் காற்று நின்றது.

எடை பார்க்கும் நாளும் அதுவே. தவசிமுத்து அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்துவிட்டார். நெற்றியில் வேர்வைகூட இல்லை. தராசில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதிகாரி குனிந்து முள்ளைப் பார்த்தார். ஒரு தடவை இறங்கி ஏறச் சொல்லி மறுபடியும் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

தவசிமுத்துவால் அதை மாட்ட முடியவில்லை. வாரைத் தலைகீழாகவே பிடித்துக்கொண்டிருந்தார். ஜெனிஷாதான் வந்து மாட்டிவிட்டாள்.

இருவரும் கோபுரத்துக்குள் போனார்கள். ஏணியின் முதல் படியில் கை வைத்தவர், அப்படியே நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"இன்னைக்கு ரோட்டுல ஒண்ணுமே இல்ல பிள்ள. சும்மா வந்த மாதிரி இருக்கு. காத்துதான் நின்னுட்டே, இனிமே நான் எத எதுத்து மிதிக்க?"

ஜெனிஷா அவர் தோளில் இருந்த வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"ஏறுங்க" என்றாள். "மேல காத்து இருக்கும்."