ஒன்பதாம் ஃபாரம்

அன்று கல்லடி மடத்தில் இருந்தவர்கள்: மடத்தை நடத்தும் அம்மை, வயது நாற்பத்து நான்கு. சமையல் பார்க்கும் தனபாக்கியம். கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் சூசை. அரியலூரிலிருந்து வந்திருந்த கணவன், மனைவி. சமையலுக்கு அரிசி அளந்து கொடுக்கும் நான், வயது எழுபத்தொன்று. ஆக ஆறு பேர்.

ஏழாவதாக வைரக்கண்ணு வந்தார். தலையில் ஒரு காகிதக் கட்டு. கையில் அவர் எழுதிய நாவல்.

கட்டை இறக்காமலே கேட்டார்.

“அம்மா, என் புத்தகத்தை எரிக்கணும். நாள் சொல்லுங்க.”

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எத்தனை?”

“அடிச்சது முந்நூறு. முப்பத்தேழு என் வீட்டுல இருக்கு. இருநூத்து அறுபத்து மூணு வெளியே போயிடுச்சு. எல்லார் விலாசமும் என்கிட்ட இருக்கு. திரும்ப வாங்கிடுவேன்.”

வாங்கிவிடுவார். ரயில் தபாலில் முப்பத்து நான்கு வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்ற பின் மடத்தின் கிணற்றடி அறையில் உட்கார்ந்து ஒன்பது வருடம் அந்த நாவலை எழுதினார். புத்தகத்தில் மடத்து விலாசமும் அவருடைய போன் நம்பரும் இருந்தன. வெளியீட்டு விழா நடந்து அன்றைக்குப் பதினாறு நாள். விழாவில் என் கையிலும் ஒரு பிரதி கொடுத்திருந்தார்.

“என்ன ஆச்சு, அண்ணே?”

“நேத்துதான் முழுசா படிக்க உட்கார்ந்தேன்.”

“இத்தனை நாள்?”

“அட்டையைத் தடவிப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

தனபாக்கியம் சிரித்ததைப் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தில் மறைத்துக்கொண்டாள்.

வைரக்கண்ணு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். “நூத்து இருபத்தெட்டாம் பக்கம். சபாபதிக்கு மரகதம் காபி கொண்டு வந்து வைக்கிறா. திருப்பினா நூத்து நாப்பத்தஞ்சு. சபாபதிக்குக் கருமாதி.”

“காபியில என்ன போட்டா?” என்றார் சூசை.

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். பைண்டர் மஸ்தான் எட்டாம் ஃபாரத்துக்கு மேல் பத்தாம் ஃபாரத்தை வைத்துத் தைத்துவிட்டார். ஒரு பிரதியில் அல்ல, முந்நூறிலும். ஒன்பதாம் ஃபாரம் அவர் கடையில் சாக்குக்கு அடியில் கிடந்தது. அதுதான் வைரக்கண்ணு தலையில் இருந்த கட்டு.

“மஸ்தான் என்ன சொன்னார்?”

“மேடையில நாலு பேர் பேசினாங்களே, ஒருத்தரும் சொல்லலையே ஐயாங்கிறார். அதுல ஒருத்தர், அம்மா, சபாபதி சாகிற கட்டத்துல அழுதுட்டேன்னு பேசினார். அந்தக் கட்டமே புத்தகத்துல இல்ல.”

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்,” என்றார் வைரக்கண்ணு. “இதை ஒரு ஆளாவது படிச்சிருக்காங்களா? இல்லேன்னா எரிச்சுட்டுப் பேனாவைக் கீழே வைக்கிறேன்.”

அம்மை கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

“கட்டை இறக்குங்க.”

இறக்கினார். என்னை எண்ணச் சொன்னார் அம்மை. எண்ணினேன். 298. இரண்டைக் காணோம். மஸ்தான் கடைக்குப் பக்கத்தில் பஜ்ஜிக் கடை.

அம்மை கட்டை மறுபடி கட்டி, கிணற்றடி அறை வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

“இதுமேல உட்காருங்க.”

“அம்மா?”

“உட்காருங்கண்ணே. யாராவது கேட்டா எழுந்து ஒண்ணு உருவிக் குடுங்க. நாப்பத்தோரு நாள். அதுக்கப்புறம் எரிக்கலாம்.”

உட்கார்ந்தார். உயரம் சரியாக இருந்தது.

காலை ஒன்பதுக்கு வருவார், மாலை ஐந்துக்குப் போவார். பத்து நாள் யாரும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் சூசை கேட்டார். “என்ன சார், முட்டை பொரிஞ்சுதா?”

வைரக்கண்ணு கட்டின் மேல் இன்னும் அழுந்த உட்கார்ந்தார்.

பதினோராம் நாள் காலை பத்தரைக்குப் போன் அடித்தது. எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். ஒரு பெண் குரல்.

“நீங்கதான் வைரக்கண்ணுங்களா? நான் முசிறியில தையல் கடை வெச்சிருக்கேன். ஏங்க, அந்த மனுஷன் எப்படிங்க செத்தாரு?”

“எந்த மனுஷன்?” வேண்டுமென்றேதான் கேட்டார். இன்னொரு தரம் கேட்க ஆசை.

“சபாபதிங்க. காபி குடிக்க உட்கார்ந்தவரு. பதினாறு பக்கம் காணோம். ரெண்டு நாளா ஒரு ஜாக்கெட் ஒழுங்கா தைக்கல நான். கை வெக்கிற இடத்துல கழுத்து வெட்டிட்டேன். அந்தத் துணிக்கு யார் பொறுப்பு?”

“நான்தாம்மா, நான்தான்.”

“சிரிக்கிறீங்களா?”

“இல்லம்மா. இன்னும் கொஞ்சம் திட்டுங்க.”

எழுந்து நின்றிருந்தார். அவருக்கே தெரியாது. போனை வைத்ததும் அடுக்களைக்கு ஓடினார், மோட்டாரிடம் ஓடினார், என்னிடம் வந்து, “ஐயா, கழுத்து வெட்டிட்டாங்களாம்,” என்றார். அவர் கண் முழுக்கச் சிரிப்பு. ஒரு ஃபாரம் உருவி, உறையில் போட்டு, விலாசம் எழுதி, தபால் பெட்டி வரை நடந்து போனார். திரும்பி வந்து, உறை உள்ளே விழுந்ததா என்று பார்க்க மறுபடியும் போனார்.

அதற்குப் பிறகு வர ஆரம்பித்தது. பதினான்காம் நாள் ஒரு கார்டு. பதினெட்டாம் நாள் ஒரே தபாலில் இரண்டு.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு லாரி வந்து மடத்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கினார். கையில் புத்தகம், நூற்று இருபத்தெட்டாம் பக்கத்தில் டீசல் பில் செருகி இருந்தது.

“எழுதினவர் யாரு?”

வைரக்கண்ணு கட்டிலிருந்து எழுந்தார்.

“நீதானா? யோவ், பொட்டலம் சிந்தாம சேலம் வரைக்கும் கொண்டு போறவன் நான். நீ பதினாறு பக்கத்தை வழியில போட்டுட்டு வந்திருக்கே.”

“ஆமாங்க.”

“எடு.”

கொடுத்தார். டிரைவர் அங்கேயே லாரி நிழலில் குந்தி உட்கார்ந்து படித்தார். தனபாக்கியம் கொண்டு வைத்த மோரைத் தொடவில்லை. வைரக்கண்ணு பத்தடி தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு பக்கத்துக்கு நாற்பது நிமிஷம்.

முடித்ததும் டிரைவர் ஃபாரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“எங்க அப்பாவும் இப்படித்தான் போனாரு,” என்றார். வண்டியில் ஏறினார்.

அன்று முழுவதும் வைரக்கண்ணுவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கிணற்றை எத்தனை தரம் சுற்றினார் என்று எண்ணினேன். பத்தொன்பது.

முப்பதாம் நாள் ஒரு தடித்த உறை வந்தது. கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் எழுத்து. எட்டுத் தாள். திருவையாற்றிலிருந்து ஒரு நர்ஸ்.

வைரக்கண்ணு அம்மைக்குப் படித்துக் காட்டினார். “‘காணாமல் போன பக்கங்களை எனக்கு அனுப்ப வேண்டாம். நானே எழுதிவிட்டேன். என் பக்கங்களில் சபாபதி சாகவில்லை. கருமாதி அவர் அண்ணனுக்கு என்று வைத்துக்கொண்டேன். அடுத்த பதிப்பில் திருத்தவும்.’”

“நல்லா இருக்கா?” என்றார் அம்மை.

“அண்ணனே கிடையாதும்மா அவருக்கு. இவங்களா பெத்துப் போட்டிருக்காங்க.”

“கோபமா?”

“கோபமா? என் ஆளைச் சாக விட மாட்டேங்கிறாங்கம்மா.” தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “இதுக்கு மேல என்ன வேணும்?”



நாற்பத்தோராம் நாள். வைரக்கண்ணு ஒரு துணிப்பையோடு வந்து கட்டின் மேல் உட்கார்ந்தார். அம்மை, தனபாக்கியம், சூசை, நான். அவரோடு ஐந்து பேர்.

“சரி, அண்ணே. எரிக்கலாமா?”

“வேண்டாம்மா. அந்த நர்ஸையும் சேர்த்து ஒன்பது பேர் படிச்சிருக்காங்க. அது போதும், எனக்கு ஒன்பது யானை பலம். அடுத்த நாவல் முதல் அத்தியாயம் முடிஞ்சுது.”

“பையில என்ன?”

“கார்டு. இருநூத்து ஐம்பத்து நாலு. மத்தவங்களுக்கு.”

ஒன்றை எடுத்து நீட்டினார். அச்சு போன்ற கையெழுத்து. ‘தங்களிடம் உள்ள என் நாவலைத் தாங்கள் படிக்கவில்லை எனத் தெரிகிறது. படிப்பவர்களுக்குத் தேவைப்படுவதால் திருப்பி அனுப்பவும்.’

“கேட்டவங்க படிச்சவங்க. கேக்காதவங்க படிக்காதவங்க. கணக்கு சரியா, ஐயா?” என்று என்னைக் கேட்டார்.

263-இல் 9 போனால் 254. கழித்தல் சரி. தலையாட்டினேன்.

அம்மை கார்டுகளை வாங்கி, கீரை ஆய்வது போல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒன்றில் நிறுத்தினார். அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பெரியப்பா, இதுக்குத் தபால் எதுக்கு? கையிலேயே வாங்கிக்குங்க.”

என் பெயர் இருந்தது. வாசித்தேன். ஒரு தரம்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

“ஐயா தப்பா நினைக்கக் கூடாது,” என்றார் வைரக்கண்ணு. “எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதினேன்.”

“இல்ல,” என்றேன்.

அம்மை கீரையை எடுத்து வைத்துக்கொண்டார்.

“கேக்கணும்னு இருந்தேன்,” என்றேன். “மூணாம் அத்தியாயத்துல மரகதம் கொல்லையில ஒரு கொய்யா நடுறா. சபாபதி தினமும் குளிச்ச தண்ணியை அதுக்கு விடுறார். காய்ச்சாத்தான் மீசையை எடுப்பேன்னு சொல்றார். நூத்து நாப்பத்தாறுல, கருமாதிக்கு வெச்ச படத்துல இருக்கிற சபாபதிக்கு மீசை இல்ல. அப்ப கொய்யா காய்ச்சுதா? அவர் பார்த்தாரா?”

மோட்டாரைத் திருகிக்கொண்டிருந்த சூசை நிறுத்தினார்.

வைரக்கண்ணு என் பக்கம் திரும்பினார்.

“எப்பப் படிச்சீங்க?”

“விழாவுக்கு மறுநாள். அப்புறம் மூணு தரம்.”

“நாலு தரமா? நாப்பத்தோரு நாளா எதிர்லயே உட்கார்ந்து அரிசி அளக்கிறீங்களே ஐயா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“நீங்க அதுமேல உட்கார்ந்திருந்தீங்க.”

“அதனால?”

“எழுந்திருங்கன்னு சொல்லக் கூச்சமா இருந்தது.”

அவர் என்னைப் பார்த்தார். அம்மை மடியில் இருந்த கார்டுகளைப் பார்த்தார். ஒவ்வொரு கார்டிலும் ஒரு பெயர்.

“அண்ணே,” என்று தனபாக்கியம் கேட்டாள், “இதெல்லாம் இன்னிக்குத் தபால்ல போகணுமா?”

“போக வேண்டாம்,” என்று வைரக்கண்ணு சட்டென்று எழுந்தார். முகம், அந்த முசிறிப் போன் வந்த காலையில் இருந்ததைவிடப் பிரகாசமாக இருந்தது. ஒரு ஃபாரத்தை உருவி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். பிறகு கட்டின் மேல் உட்காரவில்லை.

மீதி 289.