நெற்றியில் சேறு பூசிய தாழைக்கோழி

"'பேத்தி எடுத்த வயசுல படிப்பாம், அதுவும் பனிமலைக்கு அந்தப் பக்கம்!' இதைத்தானே சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க, ஏரி முழுக்கக் கேட்கட்டும்!" என்று சீறினாள் பவளம் என்கிற தாழைக்கோழி.

"ஆமா, சொன்னேன்!" என்றான் அவள் புருஷன். "வாத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் பத்துக் கூடை தாமரை விதை. உங்கப்பனா கொடுப்பான்?"

"எங்கப்பனை இழுக்காதீங்க. நானே தேடிக்கிறேன்!"

போன மாதம் அவளுடைய கடைக்குட்டி வேடனின் கண்ணியில் மாட்டிக்கொண்டது. பவளம் அலகு வலிக்க வலிக்கக் கொத்தினாள். முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. அவள் கண்ணெதிரே வேடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். குளிருக்கு ஏரிக்கு வரும் பட்டைத்தலை வாத்துகள், தங்கள் ஊரில் கண்ணி அவிழ்க்கக் கற்றுத்தரும் பள்ளி நடத்துகின்றன என்று அப்போதுதான் கேள்விப்பட்டாள். பங்குனி முடிவதற்குள் அவை கிளம்பிவிடும். இன்னும் மூன்று குஞ்சுகள் மிச்சம். அடுத்த கண்ணிக்கு அவற்றைத் தாரை வார்க்க அவள் தயாராக இல்லை.

முதலில் கூழைக்கடாவிடம் போனாள். படிக்கப் போகிறவர்களுக்கு உதவ, தாடைப் பை நிறைய விதை வைத்திருந்தார் அவர்.

"நெற்றி சிவந்தவர்களுக்குக் கிடையாது" என்றார், பையைத் திறக்காமலே. "இளங்குஞ்சுகளுக்கு மட்டும். விதி அப்படி!"

தாழைக்கோழிக்கு வயது வந்தால் நெற்றி சிவக்கும். அது அவள் குற்றமா?

அடுத்து நரி. கேட்டவுடனே கடன் தருவதாகச் சொன்னது.

"என்ன அடகு?"

"என் கூடு."

"வெறும் கூட்டை வெச்சு நான் என்ன பண்ண? நீ போடப்போற முட்டையை எழுதி வாங்கலாம்னு பார்த்தா, உனக்கு வயசாச்சு, இனி எத்தனை போடுவே? உன் மகள் போடுற முட்டையை எழுதிக் கொடேன்!"

"உன் வாலை அடகு வெச்சு நீயே கடன் வாங்கிக்கோ!" என்று திரும்பினாள் பவளம்.

மறுநாள் விடியலில் நெற்றி நிறையச் சேற்றைப் பூசிக்கொண்டாள். சிவப்பு மறைந்தது. இளம்பெண்ணைப் போல ஒடுங்கி நடந்து, வாத்துகளின் தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றாள்.

"கட்டணமில்லாமல் ஓர் இடம் வேண்டும், அம்மா."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது, அம்மா. சின்னப் பெண்தானே!"

"ஒன்றும் தெரியாத முப்பது பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். நீ போகலாம்."

சொல்லிவிட்டுக் கரையேறக் காலைத் தூக்கியது வாத்து.

"வைக்காதீங்க!" பவளம் தண்ணீரில் பாய்ந்து குறுக்கே விழுந்தாள். "அது கோரைப்புல் இல்லை, கண்ணி! குதிரைமயிரைத் திரிச்சுப் புல்லுக்கு நடுவுல சொருகியிருக்கான். புல்லு காத்துக்கு ஆடும், இது ஆடாது. பாருங்க!"

வாத்து குனிந்து பார்த்தது. புல் ஆடியது. ஒரு வளையம் மட்டும் ஆடவில்லை.

"சின்னப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்?"

பவளம் நிமிர்ந்தாள். நெற்றிச் சேறு தண்ணீரோடு வழிந்து போயிருந்தது.

"அஞ்சு தடவை குஞ்சு பொரிச்சவளுக்குத் தெரியாதா? குதிரைமயிர்க் கண்ணி, நைலான் கண்ணி, தண்ணிக்கு அடியில வைக்கிற சுருக்கு... வைக்கிற இடம் அத்தனையும் அத்துப்படி. அவிழ்க்கத்தான் தெரியலை!"

"எங்களுக்கு அவிழ்க்கத் தெரியும். தென்னாட்டுக் கண்ணி எங்கே ஒளிந்திருக்கும் என்று எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது" என்றது வாத்து. "வந்து காலையில் நீ சொல்லிக் கொடு. மாலையில் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம். கட்டணம் வேண்டாம். வழியில் சாப்பாடு கூட்டத்தோடு. இதை முதலிலேயே சொல்லாமல் சேற்றைப் பூசிக்கொண்டு எதற்கு வந்தாய்?"

பவளம் தலையைத் தண்ணீரில் முக்கி மிச்சச் சேற்றையும் கழுவினாள்.

பங்குனிக் கடைசியில் வாத்துக் கூட்டம் எழும்பியது. நடுவில் ஒரு சிவந்த நெற்றி. கீழே கரையோரமாக ஓடி வந்தான் புருஷன், பின்னால் மூன்று குஞ்சுகள்.

"பவளம்! நத்தையை உடைச்சுக் கொடுக்கணுமா, அப்படியே கொடுக்கணுமா? அதை மட்டும் சொல்லிட்டுப் போயேன்!"

சிவந்த நெற்றி வடக்குப் பக்கம் சின்னதாகிக்கொண்டே போனது.

உதவி கேட்கப் போகும்போது பட்டுத் தெரிந்துகொண்டதை மூடி மறைக்காதே. வயது உனக்குச் சேர்த்துக் கொடுத்த கைமுதல் அதுதான்.